தொண்ணூற்றாறு ரூபாய் வால்வு

ஜாம்நகரில் மூன்றாம் நாள்.
இன்னும் விலை பேசவில்லை.
ஃபின்லாந்தின் வீடுகளைச் சூடாக்கும் குழாய்களுக்கு
நாற்பதாயிரம் பித்தளை வால்வு வாங்க வந்தவள் நான்.
கைப்பெட்டியில் பதினோரு பக்கப் பட்டியல்
இஸ்திரி கலையாமல் கிடக்கிறது.

முதல் நாள் நாகும் விசாரித்தது
என் அம்மாவின் முழங்காலை.
(விமான நிலையத்தில் ஏதோ பேச்சில் சொல்லியிருந்தேன்.
எதற்குச் சொன்னேன் என்று இன்னும் தெரியவில்லை.)
இரண்டாம் நாள் அவர் மைத்துனர் வீட்டு நிச்சயதார்த்தம்.
யாரென்றே தெரியாத முந்நூறு பேர் நடுவில்
எனக்கும் ஒரு தட்டு,
எண்ணெய் மின்னும் குட்டிக் கச்சோரி ஏழு.
இரவு தாம்பெரேயிலிருந்து மேலாளர் கேட்டார்:
"எண் என்ன?"
"ஏழு கச்சோரி" என்று எழுதி, அழித்துவிட்டு,
"நாளை" என்று அனுப்பினேன்.

இன்று, பட்டறைக்கு மேலே,
குளிரைவிடச் சத்தம் அதிகம் தரும் ஏசி அறையில்
முதலில் தேநீர் வந்தது.
அப்புறம் விலை,
பிஸ்கட் தட்டை நகர்த்துவது போல:
"தொண்ணூற்றாறு, துலிக்கி பென்."

நல்ல விலை.
எங்கள் ஊரில் நல்ல விலையைக் கேட்டால்
கொஞ்சம் சும்மா இருப்போம்.
உறைந்த ஏரியில் துளையிட்டு
தூண்டிலோடு உட்கார்ந்திருப்பவர்களுக்கு
என்ன அவசரம்?
பேச்சு அடியில் எங்கோ நீந்திக்கொண்டிருக்கும்.

சும்மா இருந்தேன்.
நாகும் மின்விசிறியைப் பார்த்தார்.
"தொண்ணூற்று மூன்று."
நான் கப்பல் கூலியை மனதுக்குள்
கூட்டிக்கொண்டிருந்தேன்.
கூட்டி முடிப்பதற்குள்
"எண்பத்தொன்பதரை" என்றார்,
கடன் கேட்பவர் குரலில்.
கை கொடுத்தோம்.
அவர் கை ஈரமாக இருந்தது.

கணக்கெழுதும் ஹேதல்தான்
விடுதியில் இறக்கிவிட்டாள்.
ஸ்கூட்டரை அணைக்காமலே சொன்னாள்:
"பித்தளைக்கும் கூலிக்குமே தொண்ணூற்றொன்று ஆகிறது.
மாமா ஏன் இறங்கினார் தெரியுமா?
நீங்கள் முகத்தை அப்படி வைத்திருந்தீர்கள்."
எப்படி?
"இழவு விசாரிக்க வந்தவர் மாதிரி."

அறைக் கண்ணாடியில் பார்த்தேன்.
அது என் சந்தோஷமான முகம்.
கல்யாணப் படத்திலும் இதுதான்.

மேலாளர் கட்டைவிரல் ஒன்று அனுப்பியிருந்தார்,
அதன் பின்னாலேயே இன்னும் மூன்று.
இதையும் பேசாமலே விட்டுவிடலாம்.
பேசாமல் இருப்பதில் எனக்கு
நாற்பத்தாறு வருடப் பயிற்சி.

காலையில் ஷட்டர் ஏறும் முன்பே போய் நின்றேன்.
"நேற்று நான் மறுக்கவில்லை. யோசித்தேன்.
எங்கள் ஊரில் அதற்குச் சரி என்று பெயர்."
ஹேதல் குஜராத்தியில் சொல்லி முடிக்குமுன்
நாகும் தோள் குலுங்க ஆரம்பித்துவிட்டார்.
லேத் ஆட்களைக் கூப்பிட்டுச் சொன்னார்.
அவர்களும் சிரித்தார்கள்,
புருவத்தில் பித்தளைத் தூள் ஒட்டிய ஒருவர்
என்னைப் போலவே முகத்தை வைத்துக் காட்டினார்.
பிறகு சிரிப்பைத் துடைத்துக்கொண்டு
நாகும் சொன்னார்:
"அப்படியானால் தொண்ணூற்றேழு.
ஒரு ரூபாய், ராத்திரித் தூக்கத்துக்கு."

நான் உடனே வாயைத் திறந்தேன்.
"தொண்ணூற்றைந்து."
பதினோரு பக்கமும் மேசையில் விரிந்தன.
அம்மாவின் முழங்கால் ஒரு பைசாவும் குறைக்கவில்லை.
மதியம் வரை போராடினோம்,
தொண்ணூற்றைந்து ரூபாய் அறுபது பைசா.
இம்முறை இருவர் கையும் ஈரம்.

"சரக்கு டிசம்பரில் கப்பலேறுமா?"
"பார்க்கலாம்" என்றார், தலையை ஆட்டி.
டிசம்பர் என்று குறித்துக்கொண்டேன்.
ஹேதல் எட்டிப் பார்த்து அதை அடித்தாள்:
"அவருடைய 'பார்க்கலாம்' ஜனவரி."

தேநீர் வந்தது.
சும்மா இருந்தேன்.
உதட்டருகே சாசரை நிறுத்திவிட்டு
நாகும் என்னையே பார்த்தார்:
"பென், இது எந்தச் சும்மா?"